பத்தொன்பதரைப் புள்ளி

நான் சுவிஸில், பல்கலைக்கழகத்துக்கு நேரே அனுப்பும் கிம்னாசியம் என்கிற பள்ளிக்குத் தேர்வாகாத பிள்ளை. பதினைந்து வயதில் லேரே என்கிற தொழிற்பயிற்சிக்குப் போனேன். பிறகு பேர்ணில் ஒரு தொழில்சார் உயர்கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே இரண்டாம் வருடத்தில்தான் பௌதிகத்தின் மேல் ஆசை வந்தது. சூரிச்சில் உள்ள பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமென்றால் தொழிற்கல்வி வழியாக வந்தவர்களுக்கான பஸரெல் என்கிற பரீட்சை எழுத வேண்டும். ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளி. மொத்தம் குறைந்தது இருபது எடுக்க வேண்டும்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். பூம்ப்ளிஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அம்மாவுக்கு வேலை. நான் சின்ன அட்டைகளில் ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதி வைப்பேன். வேலையால் வந்ததும் அம்மா அவற்றை எடுத்துக்கொண்டு என் முன்னால் இருப்பார். வேலையிடத்தில் காதால் பழகிய ஜெர்மன் அவருடையது. எழுத்தில் இருப்பதை அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிப்பதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

"சிரியாமல் பதிலைச் சொல்லு," என்பார்.

நாலைந்து மாதத்தில், நான் தடுமாறினால் அட்டையைத் திருப்பாமலே பதிலை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

முடிவு மின்னஞ்சலில் வந்தது. பத்தொன்பதரை. திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். பிறகு ட்ராமில் ஏறி நேரே அம்மாவின் வேலையிடத்துக்குப் போனேன். நான் வாய் திறக்க முதலே அவருக்கு விளங்கிவிட்டது.

"எவ்வளவு குறைஞ்சது, பிள்ளை?"

"அரைப் புள்ளி."

"அரைப் புள்ளியோ?" அம்மா கூடையிலிருந்து ஒரு பெரிய படுக்கை விரிப்பை எடுத்து அதன் இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினார். "இதைப் பிடி. இண்டைக்கு வேலைக்கு ஆள் காணாது."

உலர்த்தியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. கைக்கு இதமான சூடு. மடிக்கும்போது ஒவ்வொரு முறையும் நாங்கள் கிட்ட வந்து, முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகினோம். மூன்றாவது விரிப்பில் எனக்கு அழுகை வந்தது. அம்மா நிறுத்தவில்லை. கிட்ட வரும்போதெல்லாம் புறங்கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போனார்.

கூடை வெறுமையானதும் கேட்டார்: "திருப்பி எழுத விடுவினமோ?"

"ஓம். ஒருக்கா மட்டும்."

"அப்ப எழுது. எனக்கும் அந்த இரசாயனம் இன்னும் வடிவாப் பாடமில்லை."

அடுத்த முறை இருபத்தொன்று கிடைத்தது. சூரிச்சில் நான் வகுப்பிலேயே வயது கூடியவள். கிம்னாசியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் அரை மணித்தியாலத்தில் முடிக்கும் கணக்கு எனக்கு இரண்டு நாள் எடுத்தது. முதலாம் வருடப் பரீட்சையில் ஆறுக்குச் சராசரி நாலேகால். நாலுக்குக் கீழே போனால் தேறாது. சொல்ல வெட்கப்பட்டேன். அம்மாவோ தொலைபேசியில், "கால் புள்ளி மிச்சமே இருக்கு!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார்.

இப்போதும் ஞாயிறு காலையில் அழைத்து, அந்தக் கிழமை என்ன படித்தேன் என்று கேட்பார். போன கிழமை ஒளி எப்படி வளைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, விளங்குதோ?"

"இல்லை. நீ கதை, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."