ஸ்டாண்டில் ஒரே கம்பெனி வண்டிகள்

தம்பானூர் ஆபீஸில் என் வேலை, ஒரு சர்வேக்கு அமெரிக்கர்கள் எழுதும் பதில்களைப் படித்து, காரணத்தை அதற்குரிய கட்டத்தில் குறிப்பது. வெளிநாட்டு பிக்கப் வண்டி இருக்க, ஏன் சொந்த நாட்டு பிக்கப்பையே வாங்கினீர்கள் என்பது கேள்வி. பாரம் இழுக்கும், வெளிநாட்டு வண்டிக்கு வரி அதிகம் என்று சிலர் எழுதுவார்கள். அப்பா ஓட்டியது, மச்சான் ஓட்டுவது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். அதற்குத் தனிக் கட்டம் கிடையாது. 'மற்றவை'யில் போடுவேன்.

ஆரியசாலையில் லோடு வண்டி ஓட்டி ஓட்டி அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது. வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தானே என்று, பவர் ஸ்டியரிங் உள்ள ஜப்பான் கம்பெனி வண்டி ஒன்றை ஷோரூமில் தேடிப் பிடித்தேன். அப்பா ஓட்டிப் பார்த்தார்.

"பஞ்சு மாதிரி திரும்புது மக்கா."

மறுநாள் ஸ்டாண்டுக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வரிசையாக நின்றதெல்லாம் ஒரே கம்பெனி வண்டி. இன்னொரு டிரைவர் சத்தமாகக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, ஜப்பான்காரன்கூட சம்பந்தம் வைக்கப் போறீராமே? வண்டி வழியில படுத்தா சம்பந்தி வந்து தள்ளுவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அந்த வாரமே ஸ்டாண்டில் நின்ற கம்பெனியின் புது வண்டியையே, அதே கனத்த ஸ்டியரிங்கோடு எடுத்துவிட்டார். "தினமும் இவங்க மூஞ்சியிலதானே முழிக்கணும்" என்றார். அன்று ராத்திரி அவர் இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டேன்.

அடுத்த நாள் ஆபீஸில் படித்த பதிலில் ஒரு அமெரிக்கர் எழுதியிருந்தார்: வேறு வண்டி வாங்கினால் என் தம்பி சாகும்வரை கேலி பேசுவான்.

இவருக்கு இடுப்பு எப்படி இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே 'மற்றவை'யில் போட்டேன்.