யாரும் சாகாத புத்தகங்கள்

யார் புத்தகம் கேட்டாலும், அவள் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவாள். நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே வழக்கம். முடிவில் கண் கலங்க வைக்காத கதையை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டாள். வாசலுக்கு எதிரே, ஊழியர்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்து வைக்கும் அலமாரி ஒன்று உண்டு. மற்றவர்கள் வரலாறு, பயணம், துப்பறியும் கதை என்று கலந்துகட்டி வைப்பார்கள். இவள் தட்டில் அழுகைதான். “பக்கத்துல ரெண்டு கைக்குட்டையும் வச்சிடும்மா” என்பார் நூலகர்.

அழுது தீர்த்தால் மனசு லேசாகும் என்பது அவள் கட்சி. அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அந்தக் கட்சி காற்றில் போயிற்று.

கோடை தாண்டினால் பெரிது என்று டாக்டர் அத்தானிடம் சொல்லியிருந்தார். அக்காவிடம் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்தார்கள். உண்மை தெரிந்தால் அன்றைக்கே மனசு விட்டுப்போவாள் என்று அத்தானுக்குப் பயம். வாயே திறக்கக் கூடாது என்று, காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டார். இவளும் தலையாட்டினாள்.

அக்கா புத்தகப் பைத்தியம். படுத்துவிட்ட பிறகு அது ஒன்றுதான் துணை. வாரந்தோறும் இவள் பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கதையில் ஆஸ்பத்திரி வந்தால் ஒதுக்கினாள். சாவு வந்தால் ஒதுக்கினாள். கதை அல்லாத புத்தகம் என்றால் பறவை, தோட்டம், தையல்.

ஒரு சாயங்காலம் அத்தான் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அக்கா படுத்தபடியே கேட்டாள்.

“ஏண்டி, நீ கொண்டு வர்ற புக்ல ஒரு கிழவிகூட சாக மாட்டேங்கறாளே, என்ன சங்கதி?”

இவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

“அழ வைக்காத புக்கை நீ கையால தொட்டதில்ல. எனக்குத் தெரியாதா உன்னை? எவ்வளவு நாள் சொல்லியிருக்காங்க?”

“கோடை வரைக்கும்க்கா.”

அக்கா அழவில்லை. கதை போதும், இந்த நோயைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதிய புத்தகம் வேண்டும் என்றாள். வலி எப்போது முற்றும், நினைவு எப்போது தப்பும் என்று தெரிந்தால், அதற்குள் மகளிடம் பேச வேண்டியதைப் பேசிவிடலாம் அல்லவா.

மறுநாள் நூலகத்தில் மருத்துவப் புத்தகங்களுக்கு முன்னால் இவள் வெகுநேரம் நின்றாள். எடுத்துப் போனால் அத்தான் முகத்தில் விழிக்க முடியாது. போகாவிட்டால் அக்கா இருட்டில் துழாவிக்கொண்டே போய்ச் சேருவாள். எடுத்துப் போனாள். மேலே ஒரு காகித அட்டை போட்டு மறைக்கும் புத்திகூட அவளுக்கு வரவில்லை.

அந்த வாரமே தலையணைக்கு அடியில் அத்தான் அதைப் பார்த்துவிட்டார்.

“அவ நம்பிக்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே. இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே” என்றார், அடுத்து வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, குரலை உயர்த்தாமல். நானே கேட்டு வாங்கிய புத்தகம் என்று உள்ளேயிருந்து அக்கா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

இப்போது கோடை பாதி போய்விட்டது. அக்கா உயிரோடு இருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு பேசுகிறாளாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தங்கைக்கு அதுவும் தெரியும். அத்தான் இவள் போனை எடுப்பதில்லை.