எத்திராஜ் போட்ட கப்பல் சாப்பாடு

திருப்பதி ஸ்டேஷன் ரோட்டில் கப்பல் டிக்கெட் ஏஜென்சி நடத்திவந்த எத்திராஜ், செவ்வாய்க்கிழமை காலை சித்தூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். செய்தியை உறுதி செய்தவர் அவருடைய மைத்துனர் வேலு, பாகாலா ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. திங்கட்கிழமை மாலையே ஒரு பஸ் கண்டக்டர் என்னிடம் "உங்க கப்பல்காரரு போயிட்டாராம்" என்று சொன்னார். அப்போது எத்திராஜ் உயிரோடுதான் இருந்தார். வேலுவின் தந்தி வந்த பிறகுதான் நான் நம்பினேன்.

வேலு என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "நல்லதா நாலு வரி எழுதுங்க சார். போன மனுஷன்."

நடந்ததை எழுதுகிறேன் என்றேன்.

"அதுக்குத்தான் பயமா கீது" என்றார்.

இதைப் படிப்பவர்களில் பலர் எத்திராஜிடம் டிக்கெட் வாங்கி மலேயா போனவர்கள், அல்லது மகளையோ தம்பியையோ அனுப்பிவைத்தவர்கள். அவர் கடையில் சாப்பிட்டவர்கள். நல்லதை முதலில் எழுதுகிறேன்.

எத்திராஜ் நகரியில் தறிக் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்காரப் பிடிக்காமல் மதராஸ் துறைமுகத்துக்குப் போய், பினாங்கு, சிங்கப்பூர் போகும் கப்பலில் சமையற்கட்டு வேலையில் சேர்ந்தார். கப்பல் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். பண்டாரியாகப் பல வருஷம் இருந்து, இடது முழங்கையில் ஒரு கொதிநீர்த் தழும்போடு ஊர் திரும்பினார். ஆந்திரா தனி ராஜ்யமாவதற்குக் கொஞ்சம் முன்னால் திருப்பதியில் கடை போட்டார். கப்பல் தளத்தில் பாய் விரித்துப் போகும் டெக் டிக்கெட் மட்டும் விற்பார். கேபின் கேட்டு வருபவரை மதராஸுக்கே அனுப்பிவிடுவார்.

அவர் தொழில் செய்த விதம் வேறு யாரிடமும் நான் பார்க்காதது. டிக்கெட் கேட்டு வந்தவரிடம் உடனே டிக்கெட் தரமாட்டார். "மதியம் வா" என்பார். மதியம் வந்தால் கடைக்குள் பலகையில் உட்காரவைத்து, நீல விளிம்பு எனாமல் தட்டில், டெக் பயணிக்குக் கப்பலில் என்ன போடுவார்களோ அதைப் போடுவார். அதே அரிசி, அதே அளவு, அதே நீர்த்த குழம்பு, ஒரு கூட்டு, மோர். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைப்பார். "ஒரு நாளைக்கு உனக்கு இவ்ளோதான். குளிக்கறதும் இதுல, புள்ளைக்குக் கழுவறதும் இதுல. ஏழு நாளு. ஆவுமா பாரு. அப்புறம் டிக்கெட்டு."

சாப்பிட்டுவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களைத் தடுக்கமாட்டார். "கப்பல்ல ஏறி அழறதுக்கு இங்கியே எழுந்து போறது மேலு" என்பார்.

அந்தத் தட்டைப் பற்றி நான் இந்தப் பத்திரிகையில் எழுதினேன். நானும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதினேன். ஏமாற்றாத ஏஜெண்டு ஒருவர் திருப்பதியில் இருக்கிறார் என்று எழுதினேன். அந்த வரியை அவர் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் தன் பயணிகளோடு துறைமுகம் வரை போவார். ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன். சத்தியவேடு பக்கத்துப் பெண் ஒருத்தி, கணவன் மலேயாவில் கிள்ளானில் வேலையில் இருப்பவன். அவள் கொண்டுவந்த சான்றிதழில் ஒரு ராஜ்யத்தின் முத்திரை. ஆந்திராவும் மதராஸும் எல்லை பிரிக்கும் பேச்சில் அவள் கிராமம் அதற்குள் மறுபக்கம் போயிருந்தது. அதிகாரி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எத்திராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஊருதான் சார் அந்தப் பக்கம் போச்சு. இந்தம்மா ஊரோட போவல, புருஷங்கிட்ட போவுது." பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். எத்திராஜ் அரை மணி நேரம் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பேசி அவளை ஏற்றிவிட்டார். கப்பல் நகரும்வரை நின்று, "மேலப் பாக்காதே, கீழயும் பாக்காதே, நேராப் பாரு, தலை சுத்தாது" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

இத்தனையும் உண்மை. அதனால்தான் மீதி என்னால் எளிதாக எழுத முடியவில்லை.

என் தங்கை சரோஜாவின் கணவர் கிள்ளானில் குமாஸ்தா. அவளும் எட்டு மாதப் பெண் குழந்தையும் போகவேண்டிய வேளை வந்தது. எத்திராஜிடம்தான் அழைத்துப் போனேன். தட்டு போட்டார். சரோஜா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "குழம்புல உப்பு கம்மிண்ணா" என்றாள்.

"சுத்தி உப்புதான் தங்கச்சி, கைய நீட்டி எடுத்துக்கோ" என்றார். அவள் சிரித்தாள். குழந்தைக்கு என்ன எடுத்துப் போகவேண்டும் என்று நான் கேட்டேன். "ஒண்ணும் வாணாம். காலையில கஞ்சி தராங்க, வெந்நீர் கேட்டா தராங்க, டாக்டரு தெனம் கீழ வந்து பாத்துட்டுப் போறாரு. சுமை தூக்கிக்கினு போவாதே" என்றார். அவள் கட்டிவைத்திருந்த சத்துமாவு மூட்டையை நானே வீட்டில் அவிழ்த்து வைத்தேன்.

அவள் கடிதம் வர ஐந்து வாரம் ஆயிற்று. கஞ்சி இல்லை. மதியம் ஒரு வேளைச் சோறு. இரவுக்குத் தனிச் சீட்டு வாங்கவேண்டும். வெந்நீருக்கும் சீட்டு. கூட்டு இல்லை, மோர் இல்லை. வெயிலுக்கு மேலே கட்டும் கித்தானில் பாதி, சரக்கு மூடப் போய்விட்டது. தமிழ் தெரிந்த பண்டாரி யாரும் இல்லை. நாலாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் கீழே இறங்கவில்லை, அவர் மேல் தளத்துக் கேபின்காரர்களுக்கு மட்டும் என்றார்கள். பக்கத்துப் பாயில் இருந்த கிழவர் ஒருவர் தன் சுக்கைக் கொடுத்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "எத்திராஜ் அண்ணன் போட்ட தட்டில் நீயும்தானே சாப்பிட்டாய். நீதானே எழுதினாய்."

நான் முதலில் அவளை நம்பவில்லை. கடல் மயக்கத்தில் மிகைப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கப்பல் வந்தபோது மதராஸ் துறைமுகத்தில் நின்றேன். இறங்கியவர்களில் பத்துப் பேரிடம் தனித்தனியே கேட்டேன். பத்துப் பேரும் சரோஜா எழுதியதையே சொன்னார்கள். கம்பெனி அலுவலகத்தில் ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். 'கட்டணம் உயர்த்தப்படவில்லை' என்று அச்சடித்திருந்தது. அது பொய்யில்லை. கட்டணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து விலைக்கு வைத்திருந்தார்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பண்டாரி, எத்திராஜோடு ஒன்றாக வேலை பார்த்தவர், துறைமுக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எத்திராஜுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியுமாவா? நானே திருப்பதிக்குப் போய்ச் சொன்னேனே சார். போன வருஷம். உக்காத்திவச்சி சோறு போட்டான். பழைய அளவுலயே போட்டான். இன்னாடா இதுன்னேன். சும்மா துன்னுடான்னான்."

நான் திருப்பதி திரும்பியபோது மதிய வேளை. நகரியிலிருந்து ஒரு பெரியவரும் அவருடைய இரண்டு மகள்களும் பலகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போகப்போவது இளையவள். மூத்தவள் கன்னியம்மா துணைக்கு வந்திருந்தாள். எத்திராஜ் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வா நைனா. தட்டு போடட்டா?"

"இது எந்தக் கப்பல் சாப்பாடு, எத்திராஜ்?"

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாப்பா கேக்கறாரு?"

"ரிப்போர்ட்டரு. எத்தையாவது கேட்டுக்கினே இருப்பாரு. நீ துன்னு."

நான் அதற்குமேல் பேசவில்லை. முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வெளியே சொல்வது என் தொழில் வழக்கம். அன்று அந்த வழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று இப்போது தெரிகிறது. அவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். எத்திராஜ் தட்டுகளைக் கழுவப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறைக்கவில்லை. அவருக்கு ஏஜென்சி லைசென்சு கொடுத்தது மதராஸ். ராஜ்யம் பிரிந்ததும் அது இங்கே செல்லாது என்றார்கள். புதியது வேண்டுமானால் கம்பெனியின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். எல்லை முடிவாகும்வரை எதையும் நிரந்தரமாகத் தரமாட்டோம் என்று ஆறு மாதம், ஆறு மாதமாக நீட்டினார்கள். ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் கம்பெனிக் கடிதம் வேண்டும். சாப்பாடு குறைந்த செய்தியை எத்திராஜ் ஊருக்குள் சொன்னால் கடிதம் வராது.

"கோடு போடற வரைக்கும் வாய மூடிக்கினு இருந்தா போதும்னு நெனச்சேன் நைனா."

"கோடு போட்டு வருஷம் ஆகப்போகிறதே."

"ஆமா." கொஞ்ச நேரம் தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் பழகிப்போச்சு."

"என் தங்கையும் குழந்தையும் போனார்கள்."

"தெரியும். அன்னைக்கு உன் மூஞ்சியப் பாக்காமதான் தட்டு வச்சேன்."

நான் எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு கப்பல் டைம் குடு. நானே தட்ட மாத்திடறேன். நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். நீ எழுதி சொன்னா நான் திருடன். நானே சொன்னா மனுஷன்."

கொடுத்தேன். நண்பர் என்பதால் கொடுத்தேன். ஒரு கப்பல் என்றால் ஒரு மாதம். அந்த மாதம் முழுதும் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. சோதனை போடுகிறேன் என்று அவர் நினைக்கக்கூடாது என்று நினைத்தேன். கப்பல் போனது. நகரிக்காரரின் இளைய மகளும் போனாள். பிறகுதான் எனக்குத் தெரிந்தது: தட்டு மாறவே இல்லை. கூட்டும் மோரும் அப்படியே இருந்தன.

அதன் பிறகு எழுதினேன். பெயரோடு எழுதினேன், என் பழைய கட்டுரையையும் குறிப்பிட்டு எழுதினேன். வெளிவந்த வாரத்தில் நகரிக்குப் போய்க் கன்னியம்மாவைப் பார்த்தேன். தங்கையிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நூல் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"சோறு இல்லன்னு சொல்லியிருந்தாலும் அவ போயிருப்பா சார். புருஷன் அங்க கீறான், போவாம இன்னா பண்ணுவா? சொல்லியிருந்தா ரெண்டு படி பொரியரிசி வறுத்துக் கட்டிக் குடுத்திருப்பேன். ஒரு ஸ்டவ்வு குடுத்திருப்பேன். அவ்ளோதான். அந்தாளு அத்தக்கூட செய்ய வுடலியே."

நான் அவிழ்த்து வைத்த சத்துமாவு மூட்டை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அதுவரை எத்திராஜ் மறைத்ததால் ஜனங்கள் தெரியாமல் டிக்கெட் வாங்கிவிட்டார்கள் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் எப்படியும் வாங்கியிருப்பார்கள். கையோடு எதையும் எடுத்துப் போகாமல் அவர்களை வெறுங்கையாக ஏற்றிவிட்டதுதான் அவர் செய்த காரியம். தட்டு போடாத ஏஜெண்டிடம் வாங்கியவர்கள் பயந்துபோய் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். எத்திராஜை நம்பியவர்கள்தான் பட்டினி கிடந்தார்கள்.

கட்டுரை வந்த பிறகு அவர் சாப்பாடு போடுவதையே நிறுத்திவிட்டார். புதிய அளவுத் தட்டை அவர் ஒரு நாளும் போடவில்லை. டிக்கெட் மட்டும் விற்றார். என்னோடு பேசவில்லை. ஒரு முறை காளஹஸ்தி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே, "தங்கச்சி கொழந்த நடக்குதா?" என்று கேட்டார். நடக்கிறது என்றேன். இறங்கிப் போய்விட்டார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று நாலு நாளாக யோசித்தேன். துறைமுகத்தில் அந்தப் பெண்ணுக்காக அவர் நின்ற நிலை என்னிடம் இருக்கும். அவர் மேலுள்ள கோபமும் இருக்கும். இறந்துவிட்டார் என்பதற்காக அதை விட்டுவிட்டால், வெறுங்கையோடு ஏறியவர்களையும் சேர்த்து விட்டுவிடுவதாகும். ஒரு மாதம் கொடுத்தவன் நான் என்பதும் அதோடு சேர்ந்தே இருக்கும். இப்போது யாராவது ஒன்றை நல்லது என்று சொன்னால், நீங்கள் கடைசியாக அதில் எப்போது ஏறினீர்கள் என்று கேட்கிறேன். அவரிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

இன்னும் முடியாதவை இவை. கட்டணத்தில் என்னென்ன சேரும், எதற்குத் தனிச் சீட்டு என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி டிக்கெட் விற்கும் இடங்களில் ஒட்டவேண்டும் என்று பயணிகளின் குடும்பத்தார் கையெழுத்திட்ட மனுவுக்கு, வரும் வியாழக்கிழமை பதில் தருவதாகக் கம்பெனி அலுவலகம் சொல்லியிருக்கிறது. அடுத்த கப்பலுக்கு எத்திராஜ் விற்றுவிட்டுப் போன டிக்கெட்டுகள் ஒன்பது. அவர் நோட்டிலிருந்து பெயர்களை வேலு எடுத்துக் கொடுத்தார். அவர்களிடம் எத்திராஜ் என்ன சொன்னார் என்று வேலுவுக்குத் தெரியவில்லை. ஏழு பேரைப் பார்த்து, சாப்பாடு கட்டிக்கொண்டு ஏறச் சொல்லிவிட்டேன். ஏழு பேரிடமும் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மீதி இருவர் சாந்திபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கும் தாயும் மகனும். போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. புதன்கிழமை நானே போகிறேன். கப்பல் வெள்ளிக்கிழமை காலை புறப்படுகிறது.