வெளிக்கிடும்போது கேட்ட குரல்

பேய், பிசாசு, சகுனம், குறி இதிலெல்லாம் எனக்கு ஒரு சதத்துக்கும் நம்பிக்கை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பார்த்து இந்த ஆள் எதையோ குடித்துவிட்டு உளறுகிறார் என்று நீங்கள் நினைக்கக் கூடாது பாருங்கள். சுவிஸில் இன்டர்லாக்கன் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்தாறு வருடமாக நிற்கிறவன் நான். பூனை குறுக்கே போனால் பூனைக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் பாட்டில் போவேன். என் மனைவி வசந்தி செவ்வாய்க்கிழமையில் நகம் வெட்ட விடமாட்டாள், நான் அவளைச் சீண்டுவதற்கென்றே செவ்வாய்க்கிழமை பார்த்து வெட்டுவேன். இப்படிப்பட்ட ஒருவன்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் ஒரு மீன்பிடிக் கதை கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டென்றால் அது மீன் பிடிப்பது. அதுவும் குளிர்காலத்தில். கோடையில் தூன் ஏரியில் குளிக்கிறவர்களும் பாய்மரக்காரர்களும் நிறைந்திருப்பார்கள், மனிதனுக்கு மரியாதையாக ஒரு தூண்டில் போட முடியாது. தடைக்காலம் முடிந்து ஜனவரி பிறந்ததும்தான் ஏரி எங்களுடையது, ஃபொரெல்ல என்று இங்கே சொல்கிற பெரிய மீன் அப்போதுதான் மேலே வரும், படகை மெதுவாக விட்டுக்கொண்டு பின்னால் தூண்டிலை இழுத்துப் போனால் அதிர்ஷ்டம் இருந்தால் கை நீளத்துக்கு ஒன்று மாட்டும். பட்டென்ட் எடுத்துப் பதினொரு வருடம், அதாவது மீன்பிடி அனுமதி, ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

குளிரில் மீன் பிடிப்பது கஷ்டமில்லை, படகை இறக்குவதுதான் கஷ்டம். ஏரி உறையாது, ஆனால் படகைத் தண்ணீருக்குள் இறக்குகிற கொங்கிரீட் சரிவு உறைந்துவிடும். முதல் நாள் யாராவது படகை ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள், அதிலிருந்து வழிந்த தண்ணீர் இரவில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். புதிதாக வருகிறவர்கள் சுடுதண்ணீர் ஊற்றுவார்கள், அது பத்து நிமிடத்தில் முன்னையதைவிட வழுக்கும். உப்பைக் கொண்டுவந்து கொட்டினால் ஏரிக்குள் போகிறது என்று சுவிஸ்காரர்கள் முறைப்பார்கள். மணல்தான் சரி. நான் எப்போதும் இரண்டு வாளி மணலோடுதான் போவேன், சப்பாத்து வழுக்காமல் ஆணிப்பட்டி, சில்லு உருளாமல் அடியில் வைக்கக் கட்டை, என்ஜினை நிறுத்திக் கியரில் விடுவது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கரையில் என்னைவிட ஒழுங்காகப் படகு இறக்குகிற ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், சொன்னால் என்ன, உண்மைதானே.

டீட்டிகோனில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிற குகன், வசந்தியின் தம்பி, போன குளிர்காலம் ஒரு பழைய அலுமினியப் படகை வாங்கினான். எல்லாம் என் கதையைக் கேட்டுக் கேட்டு வந்த ஆசை. வசந்திக்கு என் மேல் பயங்கரக் கோபம். மூன்று பேராகப் பிறந்ததில் அவளுக்கு மிஞ்சியிருப்பது இவன் ஒருவன்தான், அவனுக்கோ நீந்தத் தெரியாது. புறப்படுவதற்கு முதல் நாள் என்னிடம் வந்து நின்று சொன்னாள்.

"அவனைக் கூட்டிக்கொண்டு போறியள். அவனில்லாமல் நீங்கள் தனிய வந்தா நான் உங்கட முகத்தில முழிக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

அவள் சும்மா சொல்லவில்லை. நான் சிரித்து மழுப்பினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சரிவடிக்குப் போய்ச் சேர்ந்தோம். மைனஸ் எட்டு. ஏரியின் மேல் புகை மாதிரி மூடுபனி. இரவு பெய்த பனி வாகனத் தரிப்பிடம் முழுக்க ஒரு அங்குலத்துக்குப் புதிதாகக் கிடந்தது, ஒரு நாயின் அடிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரு சனமும் கிடையாது. நான் சரிவைக் கூட்டி மணலைத் தூவி, காரைப் பின்னுக்கு எடுத்து, ட்ரெய்லரின் சில்லு தண்ணீரைத் தொடுகிற இடத்தில் நிறுத்தினேன். வேலை அவ்வளவு துப்புரவு. கட்டையை மட்டும் பிறகு வைக்கலாம் என்று விட்டேன், குகன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான், இடையிடையே காருக்குள் போய்ச் சூடு பிடிக்கட்டும் என்று என்ஜினையும் நிறுத்தவில்லை. கைப்பிரேக் போட்டிருந்தேன். பதினொரு வருடத்தில் அன்றைக்குத்தான் இப்படி விட்டேன்.

இறங்கிப் பார்த்தால் குகன் ஒரு சொப்பிங் பையைத் திறக்கிறான். தேங்காய், கற்பூரம், தேசிக்காய், ஒன்றரை லீற்றர் போத்தல் நிறைய மஞ்சள் தண்ணீர்.

"என்னடா உது?"

"முதல் முதல் தண்ணியில இறக்கிறம் அத்தான். ஒண்டும் செய்யாமல் எப்பிடி? ஐயரிட்டைக் கேட்டுத்தான் கொண்டு வந்தனான்."

புது வாகனம் எடுத்தால் நாங்கள் எல்லோரும் செய்கிறதுதானே, எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் நல்ல காரியத்தில் நின்று வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கற்பூரம் காற்றில் நிற்கவில்லை, மூன்று முறை பற்ற வைத்தான். தேங்காயைக் கொங்கிரீட்டில் அடித்தான், இளநீர் சிதறியது. பிறகு மஞ்சள் தண்ணீரைப் படகைச் சுற்றி, ட்ரெய்லரைச் சுற்றி, காரின் பின்சில்லு வரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் பக்தியோடு ஊற்றினான். சுடுதண்ணீர் ஊற்றுகிற சுவிஸ்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற நான், என் மணலுக்கு மேலே ஒன்றரை லீற்றர் தண்ணீர் போவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தண்ணீர் என்றே என் மூளைக்கு ஏறவில்லை. அது பூசை.

அதற்குப் பிறகு மேலே, ஆட்கள் உட்காருகிற மர வாங்கடியில் வைத்திருந்த துடுப்பு, வலை, பெற்றோல் கான் எல்லாம் எடுக்க இரண்டு பேரும் ஏறிப் போனோம். எடுத்துக்கொண்டு காரை நோக்கித் திரும்பி இறங்குகிறோம். அடுத்த வேலை என்னவென்றால், குகன் ரப்பர்க் காற்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகின் பின்பக்கத்தைப் பிடிக்க வேண்டும், நான் காருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் நின்று படகின் கயிற்றை அவிழ்க்க வேண்டும். காருக்கு இன்னும் பத்து அடி இருக்கும். அப்போதுதான் எங்களுக்குப் பின்னால், மேலேயிருந்து, தெளிவான தமிழில் கேட்டது.

"ரெண்டு பேரும் எங்கை போறியள்?"

அதட்டவில்லை. வீட்டில் ஒருவர் இருந்த இடத்திலிருந்து கேட்கிற மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். வாங்கு இருக்கிறது, குப்பைத் தொட்டி இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

"ஆர் அத்தான் அது?"

"ஆரோ எங்கட ஆள் போல. உங்காலை நடக்க வந்திருக்கும். வா நீ, நேரம் போகுது."

குகன் நகரவில்லை. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஒரு காரியத்துக்கு வெளிக்கிடும்போது எங்கே போகிறாய் என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்கு ஆகாது. அப்படி யாராவது கேட்டுவிட்டால் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போக வேண்டும். என் வீட்டிலும் இதற்காக எத்தனையோ ரயிலை விட்டிருக்கிறோம்.

"இருந்திட்டுப் போவம் அத்தான். முதல் நாள். எனக்கு மனசு சரியில்லை."

"உனக்கு விசர். மீன் உனக்காகக் காத்துக்கொண்டு நிக்காது."

அவன் நான் சொன்னதைக் காதில் வாங்காமல் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறினான். உண்மையைச் சொல்கிறேன், நான் சகுனத்துக்காகப் போகவில்லை, தேநீர்ப் போத்தல் வாங்கில் இருந்தது, அதற்காகத்தான் போனேன். கேட்ட ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் இருந்தது. தரிப்பிடம் முழுக்க நடந்து பார்த்தேன். பனியில் எங்கள் கார்த் தடம், எங்கள் சப்பாத்துத் தடம், அவ்வளவுதான். இங்கே பனியில் தடம் இல்லாமல் யாரும் வர முடியாது, தண்ணீரால் வந்தால்தான் உண்டு. எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எங்கோ ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ கதைத்தது மூடுபனியில் இப்படிக் கேட்டிருக்கும் என்று வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

பாதிக் கோப்பை தேநீர் குடித்திருப்பேன். கீழே ஒரு சத்தம், தட்டில் ஐஸ் கட்டி வழுக்குகிற மாதிரி மெல்லிய சத்தம். எழும்புவதற்குள் கார் போய்க்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் போனது, அதுதான் பயங்கரம். பின்சில்லு இரண்டும் சுழலாமல் பூட்டியபடியே வழுக்கிப் போகின்றன. ட்ரெய்லர் ஒரு பக்கம் மடிந்து, தண்ணீரோரக் கற்சுவரில் போய் அடித்தது, அதற்கு மேல் கார் வந்து நசுக்கியது, பிறகு மூன்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஏரிக்குள் இறங்கின. குகனை நான் நிற்கச் சொன்ன இடம் அந்தக் கற்சுவரடி. நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சாண்கூட இடைவெளி மிச்சமில்லை. படகு மட்டும் கட்டறுந்து, ஒரு கீறல் இல்லாமல் தண்ணீரில் போய் அழகாக மிதந்தது.

குகன் பனியில் அப்படியே குந்தியிருந்து அழுதான். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். வசந்தியின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஐந்து நிமிடம், வெறும் ஐந்து நிமிடம்.

பிறகு தீயணைப்புக்காரர் வந்தார்கள், பொலிஸ் வந்தது. சரிவில் மஞ்சளாக உறைந்திருந்ததைக் காட்டி ஒரு இளம் பொலிஸ்காரர் என்ன இரசாயனம் என்று கேட்டார், "குர்குமா, சமையலுக்குப் போடுகிற மஞ்சள்" என்றேன். அவர் குனிந்து மணந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். தீயணைப்புக்காரர் கணக்காக விளக்கினார். என் காரில் கைப்பிரேக் பின்சில்லுகளைத்தான் பிடிக்கும், பின்சில்லு நின்ற இடத்தில்தான் தண்ணீர் உறைந்திருந்தது, கியரில் விடாதபடியால் முன்சில்லு தாராளமாக உருண்டது. கார் ஏன் போனது என்பதற்கு எனக்குக் கணக்குச் சரி. அதில் ஒரு அதிசயமும் இல்லை, என் கவலையீனம்தான். கேட்டது யார் என்பதற்குத்தான் கணக்கில்லை.

கேட்டது அம்மாள்தான் என்று சொல்லிக் குகன் அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தான். நான் வழக்கம் போலச் சிரித்தேன், ஜன்னல், மூடுபனி என்று என் விளக்கத்தையே சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதை நம்பவும் செய்தேன்.

காரின் முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கமரா ஒட்டியிருந்தது, அது தண்ணீரோடு போனது என்று விட்டுவிட்டேன். இரண்டு கிழமை கழித்து, காரை இழுத்தவர்கள் உள்ளே கிடந்த சாமான்களை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள், அதற்குள் அதுவும் இருந்தது. கமரா செத்துவிட்டது, ஆனால் உள்ளேயிருந்த, படம் பதிகிற அட்டை நன்றாக இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் விறாந்தைப் பக்கம் கதவு திறந்திருக்க, ஹோலில் இருந்து கணினியில் போட்டுப் பார்த்தேன்.

கார் பின்பக்கமாக இறங்கியிருந்ததால் கமரா மேட்டைப் பார்த்தபடி இருக்கிறது. நானும் குகனும் சாமானோடு இறங்கி வருகிறோம், பின்னால் வெறும் வாங்கு. குகன் ஏதோ சொல்லிச் சிரிப்பது தெரிகிறது, ஆனால் கேட்கவில்லை, கண்ணாடி எல்லாம் பூட்டியிருக்கிறது, காருக்குள் ஹீட்டர் இரைகிற சத்தம் மட்டும்தான். ஏதாவது கேட்குமா என்று சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.

"ரெண்டு பேரும் எங்கை போறியள்?"

வெளியேயிருந்து வந்த குரல் இல்லை அது. ஓட்டுநர் ஆசனத்தில் ஒருவர் இருந்து சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி, பக்கத்தில், தெளிவாக. படத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்று, வெறும் வாங்கைத் திரும்பிப் பார்க்கிறோம்.

அப்போது விறாந்தையிலிருந்து வசந்தி கத்தினாள். அவளும் மகள் அபியும் வெளியே போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் என்ன பார்க்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

"இஞ்சாருங்கோ, வெளிக்கிடேக்கை கேக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் உங்களுக்குச் சொல்லுறது? கடைக்குத்தான் போறம்."

"இப்பதானே அப்பா சொன்னனான்," என்றாள் அபி.

இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து கதிரையில் இருந்தார்கள். வசந்தி தண்ணீர் குடித்துவிட்டு, "ஏன் முகம் வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். இருபத்தெட்டு வருடம் என்னோடு வாழ்கிறவள், என் குரலை அவள் பிழையாகச் சொல்ல மாட்டாள். அவர்கள் போன பிறகு அந்த இடத்தை மறுபடி போட்டு, படத்தை நிறுத்தி, கிட்டப் போய்ப் பார்த்தேன். துடுப்பைப் பிடிப்பதற்காக வலக்கைக் கையுறையைக் கழற்றியிருக்கிறேன், வைக்க இடமில்லாமல் அதைப் பல்லால் கவ்விக்கொண்டு வருகிறேன். அந்தக் குரல் தொடங்கி முடியும் வரைக்கும் கையுறை என் வாயில்தான் இருக்கிறது.