சுட்ட கூட்டைப் போட்டுப் பார்

1. ஸேஸ்

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போன மறு வருடம், புதுச்சேரியில் ஒரு துப்பாக்கிக் கடையில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் வந்தவர் முதலியார்பேட்டை சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கவுண்டரில் வைத்து, "ஸேஸ் தோட்டா குடுப்பா" என்றார்.

"என்ன சைஸுங்க?" என்றேன்.

கடையே சிரித்தது. கூட வேலை பார்த்த அந்துவான், "ஸேஸ்னா பிரெஞ்சுல பதினாறுண்ணே. பதினாறு போர் குழலுக்குக் கேக்குறாரு" என்றான். அன்றிலிருந்து என் பெயர் 'சைஸ்'.

அந்துவான் என்னைவிட இளையவன். பிரெஞ்சு தெரியும். வருகிறவர்கள் என்னைத் தாண்டி அவனிடம்தான் துப்பாக்கியை நீட்டுவார்கள். நான் பொறாமையோடு பில் போடுவேன்.

2. மதராஸ் பெட்டி

பிரான்சுத் தோட்டா வரத்து நின்றுபோனது. இந்தியப் பக்கம் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் பன்னிரண்டு போர். சொல்தாவுக்கு நானே தேடிக் கொடுக்க வேண்டும், இனி அவர் என்னைக் கேட்டு வர வேண்டும் என்று ஆசை. முதலாளியிடம் சொல்லி, மதராஸ் கடைகளில் அலைந்து, பதினாறு போர் பெட்டி ஒன்று கொண்டுவந்து சொல்தாவை வரவழைத்தேன். அவர் துப்பாக்கியில் தோட்டா வழுக்கிக்கொண்டு நுழைந்தது.

"பலே! ஊசுடு ஏரி வாத்துக்கெல்லாம் இன்னிக்கு கெட்ட நேரம்" என்றார்.

அந்துவான் குழலைத் திருப்பி, அடியில் அடித்திருந்த முத்திரையைப் படித்தான். "வேணாம் முசியே. சேம்பர், அதான் தோட்டா உக்கார்ற குழி, அறுபத்தஞ்சு மில்லி. இது எழுபது மில்லித் தோட்டா."

"அதான் நுழையுதே, கண்ணு தெரியலயா?" என்றேன். கடையில் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

"இப்ப தோட்டா வாய் மடிஞ்சிருக்கு, நுழையும். வெடிச்சா மடிப்பு பிரியும்ண்ணே. பிரிய எடம் இல்லன்னா குழல் கிழிஞ்சி அவரு கை போயிடும்."

அவனைப் பொய்யனாக்கிவிட வேண்டும் எனக்கு. கடைப் பட்டறையில் பதினாறு போரிலேயே எழுபது மில்லி சேம்பர் வைத்த புதுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை அதில் போட்டு மண்மேட்டில் சுட்டேன். காலிக் கூட்டைக் கொண்டுவந்து சொல்தாவின் துப்பாக்கியில் செருகினேன். நகத்தளவு வெளியே நின்றது. அழுத்தினேன். போகவில்லை.

"சைஸு சரியில்லயே, சைஸு!" என்றார் சொல்தா. அந்துவான் தோளில் கை போட்டுக் காப்பி குடிக்கக் கூட்டிப் போனார். சொல்தாவின் கை போகாமல் காத்ததில் என் சோதனைக்கும் பங்கு உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

பழைய துப்பாக்கிக்குத் தோட்டா தேடுகிறவர்கள், புதுத் தோட்டா நுழைவதைப் பார்த்து நம்பாதீர்கள். அதே ரகத் தோட்டாவை, அதற்குப் பொருந்தும் வேறு துப்பாக்கியில் சுட்டு, அந்தக் காலிக் கூட்டைப் போட்டுப் பாருங்கள். அந்துவான் பிறகு பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டான். நான் எத்தனையோ பேருக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். "அந்துவான் சொல்லிக் குடுத்ததா?" என்று இன்னும் கேட்கிறார்கள்.

இல்லை. அவன் முத்திரையைத்தான் படித்தான். கூட்டைப் போட்டுப் பார்த்தது நான்.