நாத்தனார் போட்ட ஊசி

கறிக்கடைக்காரர் மயங்கி விழுந்தார். விடிந்தால் வெட்டுக்கத்தியும் கையுமாக நிற்கிற மனிதர், மனைவியின் வயிற்றருகே சின்ன ஊசியைக் கொண்டுபோனதும் கண் செருகிக் கட்டிலோரம் சரிந்துவிட்டார்.

மனைவி தையல்காரி; மூன்று மாதக் கர்ப்பிணி. முன்பு எலும்பு முறிந்து கட்டுப்போட்டுக் கிடந்தபோது காலில் ரத்தம் உறைந்து படாத பாடு பட்டவள். கர்ப்பத்தில் அது மறுபடி வரலாம் என்று டாக்டரம்மா தினம் ஓர் ஊசி எழுதியிருந்தார்.

"மருந்து குழந்தைக்குப் போகாது, பயப்படாதீங்க. மிஷின்லயே உக்காந்திருக்காம நடங்க. பிரசவ வலி கண்டா மட்டும் ஊசி போடாம நேரா இங்க வந்துடுங்க."

விழுந்த சத்தம் கேட்டு மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். அவளுக்கும் தையல்காரிக்கும் எலியும் பூனையும்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போடச் சொல்லிக்கொடுத்தபோது தம்பியோடு அவளும் நின்று கவனித்திருந்தாள்.

"நகருடா வீராதி வீரா! ஏம்மா, நான் போடட்டுமா?"

"இத்தனை வருஷமா வாயாலதானே குத்துனீங்க அக்கா. இதாலயும் குத்துங்க."

"இதுக்கு டாக்டரே சீட்டு குடுத்திருக்காங்கடி!"

தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதடி, வயிறு ஆடுது!" என்றவளும் சிரித்துத் தொலைத்தாள். இருவரும் ஓய்ந்த நேரம் பார்த்து, சுருக்கென்று காரியம் முடிந்தது.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. ரத்தம் உறையாமலிருக்க டாக்டரம்மா கொடுத்த இறுக்கமான காலுறையைத் தையல்காரிக்கு மாட்டுவதற்குள் நாத்தனார் இழுத்த இழுப்பில் ஒருநாள் அவளே பின்பக்கமாக உருண்டாள். சாயங்காலம் இருவரும் நடக்கப் போனால் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் வம்பு பேசித் திரும்புவார்கள்.

மாதம் நிறைந்த ஒரு மாலை நாத்தனார் ஊசியோடு வந்தாள்.

"இன்னைக்கு வேணாங்க்கா. இடுப்பு வலிக்குது."

"ஐயோ! தம்பி, வண்டியை எடுடா!" ஊசியை வைத்துவிட்டு, ஜோடி மாறிய செருப்புகளை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். டாக்டரம்மா சொன்ன நேரத்தில் ஊசி மறுபடி ஆரம்பமானது. இன்னும் ஆறு வாரம் உண்டு.

"எழுந்து நடங்க" என்றார் நர்ஸ். தையல்காரி வராந்தாவில் மெல்ல நடந்தாள். குழந்தையை ஏந்தியபடி நாத்தனாரும் கூடவே.

"மூக்கைப் பாரு, அப்படியே என்னோடது."

"கடவுளே! வளர வளர மாறிடும்ல?"

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.