பெருந்தீனி ராணி படுக்கிற இடம்

ஜோஸ்பினின் முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி விழிதியூரில் ஒரு பள்ளி ஆண்டு விழா மேடையில் உடைந்து போனது. அவள் குப்புறக் கிடந்தாள். முதுகின் மேல் ஒரு காலை வைத்துச் சூறாவளிச் சூரன் நின்றான். கீழே பிள்ளைகள் "மிதி! மிதி!" என்று கத்தினார்கள். சூரன் மிதித்தான். பலகையில் வாய் மோதியது. அன்றிலிருந்து சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வது அவளுக்குப் பழக்கம். சூரன் மீதிருந்த வன்மத்தை மட்டும் அவள் மூடி வைத்ததே இல்லை.

முகமூடிக்குள் இருந்தவர் அவளுடைய பெரியப்பா மகன் ஆரோக்கியஜோசப், காரைக்காலில் ஆட்டோ ஓட்டுகிறவர். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தச் சூரனைப் பெற்றவளே ஜோஸ்பின்தான். பாலர் பள்ளியில் ஆயாவாக இருந்தபோது, சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு கதை கட்டினாள். ஊர்ப் பிள்ளைகளின் தின்பண்டத்தையெல்லாம் பிடுங்கித் தின்னும் பெருந்தீனி ராணி. காற்றாகச் சுழன்று வந்து அவளை அடக்கும் சூறாவளிச் சூரன். நீல மழைக்கோட்டுத் துணியை வெட்டி உடுப்பும் முகமூடியும் தானே தைத்தாள். தானே போட்டுக்கொண்டு ஆடினாள். பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்றார்கள்.

ஒரு பிறந்தநாள் வீட்டில் அந்த ஆட்டத்தைப் பார்த்த ஜோசப், "பொம்பள சூரன யாரு கூப்புடுவா? குடு இப்புடி" என்று முகமூடியை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். நல்ல உயரம், கணீர்க் குரல். கூப்பிட்டார்கள்தான். கடைத் திறப்பு, மாதா கோயில் கொடியேற்றம், சுரக்குடியில் அறுவடை முடிந்த களம் என்று சூரன் சுற்றி வந்தான். ஜோஸ்பினுக்கு ராணியின் பாவாடையும், வைக்கோல் திணித்த வயிறும் மிஞ்சின. செய்தித்தாளில் ஒருமுறை 'காரைக்காலின் சொந்தச் சூரன்' என்று ஜோசப்பின் படம் வந்தது. அதில் ஜோஸ்பினும் இருந்தாள். அவர் செருப்புக்குக் கீழே கொஞ்சம் கூந்தல் தெரிந்ததே, அது அவளுடையது.

ராணிக்கு ஜோசப் வைத்திருந்த சட்டம் ஒன்றுண்டு. "கூட்டம் கலையிற வரைக்கும் அசையாம கெடக்கணும். செத்தவ எந்திரிச்சுத் தூசி தட்டுனா ஆட்டம் கெட்டுரும்." பல் உடைந்த அன்றும் அவள் வாயில் ரத்தத்தை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். கூட்டம் கலைந்த பிறகு அவர் வந்து பார்த்தார். "இன்னைக்குத்தான் தத்ரூபமா இருந்துச்சு" என்றார்.

ஆனால் சூரனுக்கும் வயதாகும். தொந்தி விழுந்தது. முதுகு ஜிப் ஏற மறுத்தது; ஊக்குக் குத்திச் சமாளித்தார். ஒரு சுற்று சுழன்றால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கடைசியில் மண்டபத்தூரில், மேடையிலிருந்து மணலில் குதித்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் அதையும் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். மீன்பிடிக்கிறவர்கள் சேர்ந்து, நனைந்த வலையைத் தூக்குவது போல அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதுகில் டிஸ்க் விலகிவிட்டதாம். இடுப்பில் பட்டை, குதிக்கக் கூடாது, குனிந்து எதையும் தூக்கக் கூடாது.

சேதி கேட்ட அன்று ஜோஸ்பின் கொடுவா மீன் குழம்பு வைத்து, வழக்கத்தைவிட ஒரு கை கூடவே சாப்பிட்டாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு மாங்கனித் திருவிழா வேட்டு வைத்தது. திருவிழாவுக்கு மறுநாள் தன் கடை வாசலில் சூரன் ஆட்டம் என்று ஜவுளிக்கடை மன்சூர் அலி ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டிவிட்டார். ஜோசப்பின் மனைவி லூர்தம்மாள் ஓடி வந்தாள்.

"ஜோஸு, நீ சூரனா நின்னுரும்மா. முகமூடிதானே, யாருக்குத் தெரியப்போவுது?"

"அதனாலதான் மாட்டேங்குறேன் அண்ணி. வேர்வை எனக்கு, கைதட்டு அவருக்கா?"

"நீ வரலன்னா மன்சூர் பாய் நாகப்பட்டினத்துலேர்ந்து வேற ஆளக் கொண்டாருவாராம். கரடி வேசமாம்."

கரடி என்றதும் ஜோஸ்பினுக்குச் சுருக்கென்றது. அவள் பெற்ற பிள்ளையின் இடத்தில் ஒரு கரடியா? செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஜோசப் வீட்டுக்குப் போனாள். அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். வீடு முழுக்கத் தைல வாடை.

"நான் நிக்கிறேண்ணே. ஆட்டம் முடிஞ்சதும் நீங்களே மைக்குல ஒரு வார்த்த சொல்லணும். சூரன் ஜோஸ்பினோடதுன்னு."

"சூரன்னா நான்தான். நீ ரெண்டு துணி தச்சே, அவ்வளவுதான். கோட்டு தச்ச டெய்லரு மாப்பிள்ளையாயிடுவானா?"

"கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டு இந்த ஒரு தடவ செஞ்சுரு ஜோஸு" என்று லூர்தம்மாள் கையைப் பிடித்தாள்.

"கடிக்கிறதுக்குப் பல்லு வேணும் அண்ணி." ஜோஸ்பின் கையை உருவிக்கொண்டாள். "சரி, சொல்ல வேணாம். ராணி வேசத்த நீங்க போடுங்க. உக்காந்து திங்கணும், கடைசியில படுக்கணும். டாக்டரு உங்கள படுக்கத்தானே சொல்லியிருக்காரு?"

ஜோசப் யோசித்தார். தின்பதும் படுப்பதும்தானே, அது ஒரு வேலையா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அவளுடைய வேலையைப் பற்றி இத்தனை வருடமாக அவர் நினைத்ததும் அதுதான்.

சாயங்கால வெயிலில் கடைவாசல் நிரம்பி வழிந்தது. ஜோஸ்பின் உடுப்பைத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்திருந்தாள். முகமூடிக்குள் ஜோசப்பின் பழைய வேர்வை நாறியது. முதல் தாளம் விழுந்ததும் கால்கள் தாமாகவே சுழன்றன. அவை எதையும் மறந்திருக்கவில்லை. எதிரே அவர் வைக்கோல் வயிறும் பாவாடையுமாக உட்கார்ந்திருந்தார். ராணி சப்புக்கொட்டித் தின்னும் சத்தம் கேட்க அவர் கழுத்தில் மைக் குத்தியிருந்தது.

"டேய், ராணிக்கு மீசைடா!" என்று ஒரு பொடியன் கத்த, கூட்டம் சிரித்தது. ஜோசப் பொய்முடியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

சூரனின் வசனமெல்லாம் ஜோசப்பின் குரலிலேயே பென் டிரைவில் இருந்தது. "பெருந்தீனியே! உன் கொட்டத்தை அடக்குகிறேன் பார்!" என்று அவருடைய குரலே அவரை மிரட்டியது. ஜோஸ்பின் பஞ்சுத் தடியை எடுத்தாள். பஞ்சுதான், ஆனால் தொடையில் வாகாக விழுந்தால் சுரீர் என்னும் என்பது வாங்கியவளுக்குத் தெரியும்.

"மெதுவாடி, வலிக்குது" என்று ஜோசப் மைக்கைப் பொத்திக்கொண்டு பல்லிடுக்கில் சொன்னார்.

"தத்ரூபமா இருக்கட்டும்ண்ணே."

அவர் முனகிக்கொண்டே குப்புறப் படுத்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் முழங்கியது: "இவள் முதுகை மிதித்தால்தான் இந்த ஊரின் பசி அடங்கும்!"

"மிதி! மிதி!"

ஜோஸ்பின் காலைத் தூக்கினாள். இந்தக் கணத்தை அவள் எத்தனையோ முறை மனதுக்குள் பார்த்திருக்கிறாள். ஒரு கை மைக்கைப் பொத்தியிருக்க, பொய்முடிக்கு நடுவிலிருந்து ஒரு கண் அவளை அண்ணாந்து பார்த்தது. "ஜோஸு, வேணாம்மா. டிஸ்க்கு."

கால் அந்தரத்தில் நின்றது. மிதித்தால் என்ன ஆகும்? கைதட்டுவார்கள், ஜோசப் சூரனுக்கு. ஆம்புலன்ஸ் வரும், ஊரே உச்சுக்கொட்டும், அதுவும் ஜோசப்புக்கு. மிதியையும் இவருக்கே கொடுக்க அவள் தயாராக இல்லை. காலை அவர் விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றினாள். ராணியிடமிருந்து மீட்ட மாம்பழக் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, அவர் முதுகுக்கு நேர் மேலே நீட்டினாள்.

கூட்டத்தின் கைகள் எல்லாம் உயர்ந்தன.

காரைக்காலில் அது அனிச்சை. திருவிழாவில் சாமி வீதி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள். கையில் கிடைத்தவர்களுக்கு நல்லது நடக்கும். அதனால் உயரத்தில் ஒரு மாம்பழத்தைக் கண்டால் இந்த ஊரில் யாரும் யோசிப்பதில்லை. எந்த மதம் என்று பழமும் கேட்பதில்லை. நேற்றுப் பிடித்த வேகம் இன்னும் கைகளில் இருந்தது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையை விரித்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சிவப்புத் தொப்பியைக் கழற்றி ஏந்திக்கொண்டு மேடையோரம் வந்துவிட்டார்.

இந்தப் பழம் தன் முதுகில் விழுந்தால் அதன் மேல் எத்தனை பேர் விழுவார்கள் என்று ஜோசப்புக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

"சொல்லுங்க" என்றாள் ஜோஸ்பின்.

"என்னத்த?"

அவள் பழத்தைச் சற்றே மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தாள். கூட்டம் 'ஓ'வென்று ஒரு அலை முன்னே வந்தது. தடித்த ஒருவர் மேடையில் முழங்காலையே ஏற்றிவிட்டார்.

"சொல்றேன், சொல்றேன்!" ஜோசப் பொத்தியிருந்த கையை எடுக்க, மைக் அலறியது. "சூரன் என்னுது இல்லங்க! ஜோஸ்பினோடது! கதையும் அவளுது, துணியும் அவளுது. இப்ப உள்ள நிக்கிறதும் அவதான்!"

"பல்லு?"

அவள் பழத்தை மறுபடி மேலே போட்டுப் பிடித்தாள்.

"பல்லு... நான்தான் ஒடச்சேன். வேணும்னுதான் மிதிச்சேன். அவளுக்குக் கைதட்டு ஜாஸ்தியா விழுந்துச்சு அன்னைக்கு."

இது அவளுக்கே புதுச் செய்தி. கால் தவறியிருக்கும் என்றுதான், எவ்வளவு வன்மத்திலும், மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தாள். அந்த மூலையும் இப்போது காலியானது. ஜோஸ்பின் முகமூடியைக் கழற்றினாள்.

"ஐ, சூரன் அக்காடா!" என்றது ஒரு குழந்தை. கைபேசிகள் உயர்ந்தன. கல்லாவிலிருந்து எழுந்து நின்ற மன்சூர் அலி, "அட, நம்ம ஜோஸ்பினா! அதானே பாத்தேன், சூரன் இன்னைக்குத்தான் உருப்படியா சுத்துனான்" என்று கைதட்டினார். கூட்டம் சேர்ந்துகொண்டது. ஜோஸ்பின் சிரித்தாள். வாயை மூடக் கை ஒழியவில்லை. ஒன்றில் முகமூடி, ஒன்றில் பழம். அரைப்பல் ஊருக்கே தெரிந்தது.

பிறகு பழத்தை ஓங்கி வீசினாள். அது கூட்டத்தின் தலைக்கு மேலே பறந்து தெருவின் எதிர்ப்பக்கம் போனது. அத்தனை பேரும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்கள்.

"ஜோஸு, கை குடு. எந்திரிக்க முடியல."

அவள் குனிந்து, அவர் கழுத்திலிருந்த மைக்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டாள். "கூட்டம் கலையிற வரைக்கும் அசையாம கெடக்கணும்ண்ணே. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

கூடை நிறையப் பழம் இருந்தது. ஜோஸ்பின் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, நிதானமாகக் குறி பார்த்து வீசினாள்.